கணக்கெடுக்கிறதா, வேவு பார்க்கிறதா?

நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்தவர் செல்போனைப் பார்த்துவிட்டு, 'வாஷிங் மெஷின் முடிஞ்சிடுச்சு' என்று எழுந்து மாடிக்குப் போனார். மெஷின் பழசு, தகவல் அனுப்பத் தெரியாது. அதன் ஒயரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகியிருக்கிறார். எத்தனை வாட் இழுக்கிறது என்பதை மட்டும்தான் அது அளக்கும். ஏறி இறங்கிக்கொண்டிருந்த எண் மளமளவென்று குறைந்து, சில நிமிஷம் அப்படியே நின்றால் துவைத்தாயிற்று. நல்ல ஏற்பாடுதான். அவர் வீடு, அவர் மெஷின், அவர் போன்.

இதையே உங்கள் மெயின் மீட்டரில் செய்தால்? தனித்தனி பிளக்கே வேண்டாம். மொத்த வீட்டுக்கும் ஒரே இடத்தில் நொடிக்கு நொடி அளந்து, உள்ளே என்ன ஓடுகிறது என்று பிரித்துவிடலாம். ஒரேயடியாக 2000 வாட் ஏறினால் கீஸர். 1000 வாட் விட்டுவிட்டு வந்தால் அயர்ன் பாக்ஸ். இரவு பகலாக 100, 150 வாட் வந்து வந்து போனால் ஃபிரிட்ஜ். 500 வாட் ஒரு நிமிஷம் வந்து நின்றால், உங்கள் வீட்டில் சட்னி அரைத்தாகிவிட்டது!

கற்பனை இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1980களிலேயே இதைச் செய்து காட்டினார். இதை வைத்து வீடுகளை வேவு பார்க்கலாம் என்று 1989ல் எழுதி எச்சரித்தவரும் அவரேதான்.

இப்போது நம் கதைக்கு வருவோம். 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் என்று 2021ல் மத்திய அரசு திட்டம் போட்டது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க வருபவர் அட்டையில் எழுதுவது ஒரே ஒரு எண். அரை மணிக்கு ஒரு தடவை குறிக்கும் மீட்டரில் அதே 60 நாளில் 2880 எண்கள். அரை மணிக் கணக்கில் சட்னி தெரியாது, உண்மை. ஆனால் நீங்கள் எப்போது எழுகிறீர்கள், வீடு எப்போது பூட்டிக் கிடக்கிறது, எந்தத் தேதியில் ஊருக்குப் போனீர்கள் என்பதெல்லாம் தெரியும். திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

'ஒளிச்சு வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு சார்?' என்பீர்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஜன்னலுக்குத் திரை போடுகிறோமே, ஏன்?

மின்திருட்டைப் பிடிக்க இது தேவை என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் போனது எவ்வளவு, வீடுகளுக்கு வந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் கூட்டிக் கழித்தாலே திருட்டு தெரிந்துவிடும். நேரத்துக்கு ஒரு கட்டணம் என்றால், அந்தந்த நேரத்துக் கூட்டலை மீட்டரே உள்ளுக்குள் போட்டுக்கொள்ளும். பி.காம். படித்த எனக்கு இது சாதாரண விஷயம்: பேலன்ஸ் ஷீட் கேட்கிறவருக்கு டே புக்கையே தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

மற்ற நாடுகளில் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2009ல் மேலவை ஏற்க மறுத்தது. அமெரிக்காவில் நேப்பர்வில் நகர வழக்கில், கால் மணிக்கு ஒரு முறை ரீடிங் எடுப்பது வீட்டைச் சோதனை போடுவதற்குச் சமம் என்று 2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நியாயமான காரணம் இருப்பதாக அனுமதித்தாலும், போலீஸ் கைக்குச் சுலபமாகப் போவதாயிருந்தால் முடிவு வேறாகலாம் என்றும் சொன்னது. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017லேயே ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

நான் மீட்டருக்கு எதிரியல்ல. மூன்றே கோரிக்கைகள். பில்லுக்குத் தேவையான கூட்டல் மட்டும் வெளியே போகட்டும். விவரமான ரீடிங் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் போகக்கூடாது. போலீஸ் கேட்டால் நீதிமன்ற உத்தரவோடு வரட்டும்.

உங்கள் வீட்டுக்கு மீட்டர் மாட்ட ஆள் வரும்போது, 'எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை குறிக்கும், அது யாரிடம் போகும்?' என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாது என்றால், தெரிந்தவரின் பெயரைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.