துணியில் நிறம் ஒட்டினால்...

செப்டம்பர் நடுவில் விசுவகர்மா பூஜை வந்தால் கொல்கத்தாவில் ஸ்பானர்களுக்கு ஓய்வு. ஒர்க்‌ஷாப் வாசல்களில் யானை வாகனத்தோடு தேவதச்சன் எழுந்தருள, மொட்டை மாடிகளிலிருந்து காற்றாடிகள் கிளம்பும். கார் உதிரி பாகங்களுக்குப் பெயர்போன மல்லிக் பஜாரானாலும் சரி, புறநகர்ச் சந்தில் ஒற்றை ஷெட்டில் நடக்கும் பட்டறையானாலும் சரி, அன்று வண்டிகளுக்குக் குளியலும் மாலையும் உண்டு. பழைய வண்டிதான், ஆனால் கண்ணாடி போல மின்ன வேண்டும். உரிமையாளர்களின் ஆசை அதுதான்.

ஆசையில் தவறில்லை. கணக்கில்தான் தவறு. பாலிஷ் போட்டால் வண்டியின் மேல் ஏதோ புதிதாகச் சேர்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மெழுகு பூசுவது வேறு. உப்புத்தாளும் ரப்பிங் காம்பவுண்டும் செய்வது வேறு. அவை பூச்சைச் சுரண்டித்தான் மினுக்குகின்றன. இந்தப் பளபளப்பு கூட்டல் அல்ல, கழித்தல்.

எதிலிருந்து கழிக்கிறார்கள்? இன்றைய காரில் தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ரசாயனம் இந்த மேல் பூச்சில்தான் கலந்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். முடியை விட மெல்லிய அந்த ஏட்டில்தான் மிஸ்திரி வித்தை காட்ட வேண்டும்.

சரி, தேய்க்காமலே விடக் கூடாதா? புதிதாக ஸ்ப்ரே செய்த கிளியர் கோட் எப்போதும் சமமாகப் படிவதில்லை. துளிகள் பரவி இணையும் முன்பே உலர ஆரம்பித்தால் ஆரஞ்சுப் பழத்தின் தோல் போல மேடு பள்ளமாக நிற்கும். திறந்த பட்டறையில் தூசியும் வந்து ஒட்டும். அதில் டியூப் லைட்டின் பிம்பம் நேர்க்கோடாகத் தெரியாமல் நெளியும். மேட்டை வெட்டிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் நெளிவு போகும்.

பூச்சு நன்றாக இறுகிய பிறகே இந்த வேலை தொடங்கும். சோப்புத் தண்ணீரில் ஊறிய 1500 நம்பர் வாட்டர் பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்ப்பார்கள். வெறும் விரலால் அழுத்தினால் விரல் தடம் பள்ளமாகிவிடும். சில நிமிடங்களில் மின்னிக்கொண்டிருந்த இடம் பால் படிந்தது போல மங்கும். தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தால், மங்கலுக்கு நடுவே இன்னும் மின்னும் புள்ளிகள் தெரியும். அவைதான் மிச்சமுள்ள பள்ளங்கள். புள்ளிகள் மறைந்தால் பரப்பு சமமாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு 2000, 3000 என்று மேலும் நைசான தாள்கள். ஒவ்வொன்றின் வேலையும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பதுதான். கடைசியில் காம்பவுண்டும் பாலிஷும். அழிக்கப்படாத கீறல் பட்டறைக்குள் தெரியாது. வெயிலில் நிறுத்தியதும் காட்டிக்கொடுக்கும்.

இங்கேதான் பழைய கைப்பழக்கம் குறுக்கே வருகிறது. கொல்கத்தாவில் பல மிஸ்திரிகள் தொழில் பழகியது அம்பாசடரில். நகரத்துக்கு வடக்கே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 மே மாதம் வரை உருவாக்கிய அந்த உருண்டை வண்டியின் பழைய மாடல்களில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில்தான் இருந்தன. காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் துணியில் அந்த நிறமே வரும். மஞ்சள் டாக்சி என்றால் மஞ்சள். வெளுத்துப்போன மேல்தோல் உரிகிறது, வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கிளியர் கோட் போட்ட வண்டியில் பாடம் தலைகீழ். அங்கே துணியில் நிறம் ஒட்டினால் மேல் பூச்சு முழுவதும் போய், தாளோ பஞ்சு வட்டோ அடியில் உள்ள நிறத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தைப் பாலிஷ் போட்டு மீட்க முடியாது. திரும்ப ஸ்ப்ரே செய்வது ஒன்றே வழி. பெரும்பாலும் இது நடப்பது பானட்டின் விளிம்பிலும் கதவின் மடிப்பிலும்தான். விளிம்பில் பூச்சு மெல்லியதாகப் படியும். தேய்க்கும் அழுத்தமோ அங்கேதான் அதிகம் விழும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டே மெஷினைக் கையில் எடுக்கிறார்கள். பூச்சின் மொத்தக் கனத்தை மைக்ரான் கணக்கில் சொல்லும் கையடக்கக் கருவியும் உண்டு. மாதத்தில் பத்து வண்டி பார்க்கும் பட்டறைக்கு அது ஆடம்பரம் அல்ல.

கழிவது வண்டியிலிருந்து மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1920களில் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த 'டூக்கோ' என்ற லேக்கர், காருக்கு நிறம் பூசும் வேலையை வாரக்கணக்கிலிருந்து நாள் கணக்குக்குக் குறைத்தது. இந்தியாவில் பீரோவுக்கு ஸ்ப்ரே அடிப்பதைக் கூட இன்றும் டூக்கோ என்பார்கள். அது கரைப்பான் ஆவியாகி உலர்ந்த பூச்சு. மழைக்கால ஈரக்காற்று பட்டால் வெளுத்துவிடும் என்பதால் கொல்கத்தா மாதிரி ஊரில் அதைக் கையாள்வது கடினம். இன்றைய கிளியர் கோட் ஹார்டனர் கலந்து, வேதிவினையால் இறுகுகிறது. பலமும் பளபளப்பும் கூடுதல். ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். தொழில்வழி ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. ஸ்ப்ரே செய்பவருக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் பாதுகாப்பு. முழுதாக இறுகாத பூச்சைத் தேய்த்தால் அதன் தூளிலும் ஆபத்து உண்டு. சந்துப் பட்டறையில் இதற்கெல்லாம் யார் செலவு செய்வது? மலிவான பாலிஷ் கேட்கும் வாடிக்கையாளருக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

வாடகை வண்டிகளுக்கு 15 ஆண்டு வரம்பு விதித்த 2008ஆம் ஆண்டு கல்கத்தா உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மஞ்சள் அம்பாசடர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தனியார் வீடுகளில் பாதுகாக்கப்படும் வண்டிகளுக்கு மவுசு கூடுகிறது. 1968இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழைய கார் ஊர்வலத்தை வேடிக்கை பார்த்து வளர்ந்த நகரம் இது. பழையதை மினுக்கி நிறுத்துவதில் அதற்குத் தனிப் பெருமை. ஆனால் ஆலையில் பூசிய மேல் பூச்சு ஒரு வண்டிக்கு ஒரே தடவைதான் கிடைக்கிறது. பூஜைக்குப் பூஜை காம்பவுண்டு போட்டால் அது சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும்.

ஆகவே வண்டியை விடும்போது எவ்வளவு பளபளப்பாக்குவீர்கள் என்று கேட்பதை விட, எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்பது நல்லது. மெல்லிய கீறலைக் காட்டி, இதை விட்டுவிடலாம், மெழுகு போதும் என்று சொல்லும் மிஸ்திரி அகப்பட்டால் அவரை விட்டுவிட வேண்டாம். கையிலுள்ள துணியை அடிக்கடி திருப்பிப் பார்ப்பவர் அவர்.