வாசிக்கிறவனே கட்டணம் கட்டுவதா?

ஐரோப்பாவில் "ஃபோக் மெட்டல்" என்று ஒருவித சங்கீதம் நடந்து வருகின்றது. மின்சாரக் கிட்டாரின் பேரிரைச்சலோடு பிடில், புல்லாங்குழல், பேக்பைப் முதலிய கிராமத்து வாத்தியங்களைச் சேர்த்து முழக்குவதுதான் அது. இங்கிலாந்தில் 1990-ல் தோன்றிய ஸ்கைகிளாட் என்னும் குழுவை இதற்கு முன்னோடி என்கின்றார்கள். சுவிட்சர்லாந்தில் 2002-ல் ஆரம்பித்த எலுவெய்ட்டி என்னும் குழுவோ, பேசுவாரற்று எத்தனையோ நூற்றாண்டாகிவிட்ட காலிய பாஷையில்கூடப் பாடுகின்றது. இவர்கள் பாட்டில் பெரும்பாலும் மண், ஊர், காடு, முன்னோர் என்கின்ற பேச்சாகவே இருக்கும். செத்துப்போன முன்னோரைப் பாடட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. அதே மேடையில் உயிரோடு நிற்கின்ற உள்ளூர்ப் பிள்ளைகளை நடத்தும் யோக்கியதையைப் பற்றியே நாம் பேச வந்தோம்.

பெரிய குழு ஓர் ஊருக்கு வந்தால், அதற்கு முன்னால் உள்ளூர்க் குழுக்கள் இரண்டொன்று வாசிப்பது வழக்கம். ஒவ்வொன்றுக்கும் அரைமணி கிடைத்தால் அதிகம். மேடையில் முக்கால்வாசி இடத்தைப் பெரிய குழுவின் முரசுகள் துணி போர்த்திக் கொண்டு அடைத்திருக்கும். மீதியிருக்கும் விளிம்பில் இவர்கள் நின்றுகொள்ள வேண்டும். ஒலி சரிபார்க்கவும் நேரமிராது. ஜனங்களோ இன்னும் வாசலில் வரிசையில் நிற்பார்கள். இவ்வளவும் கஷ்டமே தவிர அக்கிரமமல்ல. அக்கிரமம் எதுவென்றால், கச்சேரி ஏற்பாடு செய்வோர் சிலர் உள்ளூர்க் குழுவின் கையில் ஒரு கட்டு டிக்கெட்டைக் கொடுத்து, "விற்று வா, விற்காததற்கு நீயே பணம் கட்டு" என்கின்றார்களே, அதுதான். இதற்கு "பே டு பிளே" என்று பெயர். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சன்செட் வீதி மண்டபங்கள் 1980-களில் இதற்குப் பேர்போனவை. பிரிட்டிஷ் வாத்தியக்காரர் சங்கம் இதைக் கண்டித்து வந்தும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

கலியாண வீட்டில் சமைக்க வந்தவனிடம், "பந்திக்கு ஐம்பது பேரை நீயே கூட்டி வா, மொய்யையும் நீயே வசூலித்துக் கொடு, குறைந்தால் உன் கைக்காசு" என்று சொன்னால் அவன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போவானா, மாட்டானா? ஒலிக்கருவி பார்ப்பவனுக்குக் கூலி உண்டு. வாசலில் நிற்பவனுக்கும், கிளாஸ் கழுவுகின்றவனுக்கும்கூட உண்டு. பாட்டுக் கச்சேரியில் பாடுகின்றவன் ஒருவன்தான் கொடுக்கின்றவனாம்!

கேட்டால், "விளம்பரம் கிடைக்கிறதே" என்கின்றார்கள். இது எந்த ஊர் நியாயம்? இங்கே தட்சணை வை, அங்கே மோட்சம் என்று சொல்லுகின்ற புரோகிதன் பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மோட்சத்திற்குப் போனவனும் திரும்பி வந்து சொன்னதில்லை. காலி மண்டபத்தில் வாசித்த விளம்பரத்தால் அடுத்த மாதம் அரிசி வாங்கினவனையும் நாம் கண்டதில்லை.

இதன் பலன் என்ன? நாற்பது டிக்கெட்டு வாங்கச் சொந்தக்காரனும் சிநேகிதனும் உள்ளவன் மேடையேறுகின்றான். ஆலையில் இரவு முறை செய்துவிட்டு வாசிக்கப் பழகுகின்றவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் வெளியே நிற்கின்றான். மெட்டல் சங்கீதம் பிறந்ததே தொழிலாளியின் வீட்டில் என்பதை இவர்கள் மறந்துவிட்டார்களா? 1968-ல் பர்மிங்காமில் ஆரம்பித்த பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி, தகட்டுத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்திற்குக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கில் உறை செய்து மாட்டிக்கொண்டு கிட்டார் வாசித்தவர். அவரிடமும் டிக்கெட்டுக் கட்டைக் கொடுத்து விற்று வரச் சொல்லியிருப்பார்களோ என்னவோ!

நிற்க, ஏற்பாடு செய்வோருக்கும் கஷ்டம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. பிரிட்டனில் 2023 ஒரே வருஷத்தில் 125 சிறு மண்டபங்கள் கச்சேரியை நிறுத்திவிட்டன. பெரிய குழுக்களிலும் பல, வண்டி வாடகைக்கே வருமானத்தைக் கொட்டுகின்றன. போதாக்குறைக்கு, அவர்கள் விற்கும் சட்டையில்கூடச் சில மண்டபங்கள் பங்கு பிடுங்குகின்றன. அப்படிப் பங்கு கேளாத மண்டபங்களின் பெயரைத் திரட்டி வெளியிடும் வேலையைப் பாடகர் கூட்டமைப்பு ஒன்று 2022-ல் தொடங்க வேண்டியதாயிற்று. சரி, நஷ்டம் மெய்யே. அதைச் சுமக்க எல்லோரிலும் இளைத்தவனைத் தேடிப் பிடிப்பானேன்? பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் கமிட்டி 2024-ல் ஒரு வழி சொல்லிற்று. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும் பெரிய அரங்கங்களின் டிக்கெட்டில் ஒரு சிறு தொகை எடுத்துச் சிறு மண்டபங்களுக்குக் கொடுங்கள் என்பதே அது. இருக்கின்றவனிடம் கேட்பது முறையா, இல்லாதவனிடம் பிடுங்குவது முறையா?

ஆகவே உள்ளூர்த் தோழர்கள் அனைவரும் ஒன்றுகூடி டிக்கெட்டுக் கட்டைத் தொடுவதில்லையென்று தீர்மானிக்க வேண்டும். ஒரு குழு மறுத்தால் அடுத்த குழுவைக் கூப்பிடுவார்கள். ஊர்க் குழுக்கள் எல்லாம் மறுத்தால் கூலி பேசித்தான் ஆகவேண்டும். மண்ணின் பெருமை பாடும் பெரிய குழுவாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், தங்களுக்கு முன்னால் வாசிப்பவர்களுக்கு என்ன கூலி என்று கேட்டு எழுதி வாங்கட்டும். கேட்க வருகின்ற ஜனங்கள் கதவு திறந்ததும் உள்ளே போய், முதல் குழு முதல் பாட்டை எடுக்கும்போதே மேடைக்கு எதிரில் நிற்கட்டும்.