ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

மூளைக்காய்ச்சல் எனப்படும் யப்பானிய மூளையழற்சிக்கு எதிரான தடுப்பூசியைக் குழந்தைக்கு ஏற்றலாமா என்று தயங்கும் பெற்றோர் நம்மிடையே உளர். ஏற்றுங்கள், ஆயின் கேட்டறிந்து ஏற்றுங்கள் என்பதே எமது விடை.

இந்நோய் வன்னிக்கு அயலானதன்று. பன்றியிலும் நீர்ப்பறவைகளிலும் வாழும் வைரசை, நெல்வயல் நீரிற் பெருகும் நுளம்பு மனிதனுக்குக் கொணர்கின்றது. 1985-86இல் அனுராதபுர மாவட்டத்தை அது பெரிதும் வாட்டியது. அம்மாவட்டத்தின் எல்லையிலன்றோ வவுனியா இருக்கின்றது! இரணைமடு வயலென்றும் வவுனிக்குளத்து வயலென்றும் நுளம்பு பேதம் பார்ப்பதில்லை. தொற்றியோருள் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகும் என்பது உண்மையே. ஆனால் மூளையழற்சி கண்டோருள் நூற்றுக்கு 30 பேர் வரை மடியலாம். பிழைத்தோருள் பலர் வாழ்நாள் முழுவதும் ஊனமுறுவர். வைரசை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

ஊசியைப் பற்றி ஆராய்வது குற்றமா? யப்பானைப் பாருங்கள். எலிமூளையிலிருந்து செய்த பழைய ஊசிக்குப் பின் ஒருவருக்குக் கடும் நரம்பழற்சி கண்டதும், 2005இல் அந்நாட்டரசு அதனைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. உயிரணு வளர்ப்பில் ஆக்கிய புதிய ஊசி வந்தபின் மீண்டும் பரிந்துரைத்தது. மருந்தைத் திருத்தினார்களேயன்றித் தடுப்பைக் கைவிட்டார்களில்லை. இலங்கையும் 1988இல் எலிமூளை ஊசியோடு தொடங்கி, 2009இல் வலுக்குறைத்த உயிர் வைரஸ் ஊசிக்கு மாறியது. அது இன்று ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இலவசமாக ஏற்றப்படுகின்றது.

உயிருள்ள வைரசாதலின் சிலருக்கு அது ஆகாது. ஆகவே, ஏற்றுமுன் சுகாதார வைத்திய அதிகாரியிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ உள்ளதை உள்ளபடி கூறுங்கள். குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் உண்டா? முன்னைய ஊசியால் ஒவ்வாமை நேர்ந்ததா? புற்றுநோய்ச் சிகிச்சையோ நீடித்த ஸ்டீரோயிட் மருந்தோ நடைபெறுகின்றதா? அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டதா? கடந்த நான்கு வாரங்களுள் வேறோர் உயிர் வைரஸ் ஊசி போடப்பட்டதா? வளர்ந்தவராயின், கருவுற்றிருக்கின்றாரா? சாதாரண தடிமன் தடையாகாது. ஊசியின் பின் உடனே வீடு திரும்பாது அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள். கடும் ஒவ்வாமை தோன்றுமாயின் பெரும்பாலும் அந்நேரத்திலேயே தோன்றும். மருந்தும் மருத்துவரும் அருகில் இருப்பர்.

புதிய ஊசி வந்த அதே 2009இல் நம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முட்கம்பிக்குள் அடைபட்டுக் கிடந்தனர். ஊசிப் பதிவேடும் போரோடு போன குடும்பங்கள் பல. பதிவு இல்லையேல் ஊகத்தின்மேல் வாளாவிராது அதிகாரியிடம் சென்று கணக்கைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு சொல். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவல் கேட்கும் உரிமையைக் குடிமகனுக்கு அளித்துள்ளது. ஊசியின் பெயர், பக்கவிளைவு, ஏற்றத்தகாதவர் யார் என்பவற்றைத் தமிழில் விளக்குவது சலுகையன்று, கடமை. விளங்காத தாளில் வாங்கும் கையொப்பம் சம்மதமாகுமா?

கேட்கின்ற தாயை அதட்டி அனுப்பினால் அவள் அடுத்தமுறை வரமாட்டாள்; நட்டம் குழந்தைக்கே. விவசாயிகளே! விதைநெல்லையும் சோதித்துத்தானே விதைக்கின்றீர்கள்? ஊசியையும் அவ்வாறே கேட்டறியுங்கள். அறிந்தபின், அடுத்த காலபோக மழை இறங்குமுன், காலந் தாழ்த்தாது ஏற்றுங்கள்.