மாம்பழத் தோலுக்கும் விலை உண்டு!

சீசன் வந்தால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் தோலும் கொட்டையும் மலையாகக் குவியும். எல்லாம் குப்பை தானா? இல்லைங்க. தோலில் இருக்கும் மாஞ்சிஃபெரின் போன்ற பாலிஃபீனால்கள் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சக்கூடியவை. தோலை உலர்த்திப் பொடித்து, எத்தனாலும் தண்ணீரும் கலந்து ஊறவைத்தால் பிரித்தெடுக்கலாம்.

பவளப்பாறைகளைக் காக்க, ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க ஹவாய் 2021 முதல் தடை போட்டது. ஆக, மாற்றுப் பொருளுக்குச் சந்தை இருக்கிறது.

ஆனால், எஸ்.பி.எஃப். சோதனை செய்யாமல் 'இயற்கை' என்று லேபிள் ஒட்டினால் அது ஏமாற்று வேலை. ஈரத்தோல் சீக்கிரம் அழுகிவிடும் என்பதால் உலர்த்தும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முக்கியமான கேள்வி, லாபம் யாருக்கு? விவசாயி தோலோடு சேர்த்துத்தானே எடைபோட்டு விற்கிறார்? தோலுக்கு விலை வந்தால், அது மாங்காயின் கொள்முதல் விலையிலும் தெரியணும்!