சிந்துவே விளாவிக் கொடுக்கட்டும்

லடாக் போய்வந்த நண்பர் ஒருவர் கைப்பேசியில் படங்களைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டார். "ஊத்து இருக்கு சார், ஆனா ஒரு வசதியும் இல்ல. நம்ம ஊரா இருந்தா தொட்டி கட்டி, டைல்ஸ் ஒட்டி, டிக்கெட் போட்டிருப்பாங்க." நம்ம ஊராக இல்லாமல் போனதே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன இடம் சுமாத்தாங். லேயிலிருந்து உப்ஷி வழியாகச் சிந்து நதியை ஒட்டியே ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ராணுவத்தில் மெட்ராஸ் சேப்பர்ஸ் பிரிவில் இருந்த காலத்தில் அந்தச் சாலை எனக்குப் பழக்கம். நாள்கணக்கில் மேல் கழுவாமல் குளிரில் கிடந்த உடம்போடு அந்த ஊற்றில் இறங்கியவனுக்கு டைல்ஸ் இல்லையே என்று தோன்றாது.

கரையோரக் கற்களுக்கு இடையே ஆவி பறக்கத் தண்ணீர் வருகிறது. ஊற்றுக்கண்ணில் 80 டிகிரிக்கும் மேலே சூடு. சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 87 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால், கிட்டத்தட்ட உலைநீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால் வைத்தால் வெந்துவிடும். சில எட்டுக்கு அப்பால் சிந்து, பனி உருகி ஓடிவருகிற தண்ணீர். அதில் கால் வைத்தால் மரத்துவிடும். குளியல் இரண்டுக்கும் நடுவில். கற்களை வளையமாக அடுக்கி, ஒரு பக்கம் ஊற்றுநீருக்கும் மறுபக்கம் ஆற்றுநீருக்கும் வழி விடவேண்டும். ஆற்றுப் பக்கத்துக் கல் ஒன்றை எடுத்தால் சூடு தணியும். திரும்ப வைத்தால் ஏறும். வீட்டில் அண்டாவில் வெந்நீர் விளாவுகிற வேலைதான், சொம்புக்குப் பதில் கல். கந்தக வாடை கொஞ்சம் அடிக்கும். கற்களில் வெள்ளையாக உப்புப் பொரிந்திருக்கும், உட்காரும்போது உறுத்தும்.

கோடையில் பனி உருகி ஆறு பெருகினால் வளையம் அடித்துக்கொண்டு போய்விடும், கூடவே பாசியும் அழுக்கும் யாரோ விட்டுப்போன ஷாம்பு பாக்கெட்டும். வெள்ளம் வடிந்ததும் அடுத்து வருகிறவன் புதிதாக அடுக்கிக்கொள்வான். சம்பளமில்லாத இந்தத் துப்புரவை நிறுத்திவிட்டுத்தான் நாம் சிமெண்ட் தொட்டி கேட்கிறோம்.

தொட்டியில் தண்ணீர் தேங்கும். வெதுவெதுப்பாகத் தேங்கிய நன்னீர் மூளையைத் தின்னும் அமீபாவுக்குப் பிடித்த இடம். கேரளத்தில் 2024இலும் 2025இலும் அமீபா மூளைக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதைப் படித்திருப்பீர்கள். நீச்சல் குளத்துக்குக் குளோரின் போடுகிறார்கள். ஊற்றுத் தொட்டிக்குத் தினம் யார் போடப்போகிறார்கள்? கல் வளையத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கே இறங்கினாலும் தலையை முக்காதீர்கள், மூக்கில் தண்ணீர் ஏற விடாதீர்கள். அந்த உயரத்தில் வெந்நீரில் நெடுநேரம் கிடந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டிய இடமெல்லாம் கெட்டது என்பதும் என் கட்சி அல்ல. இமாச்சலத்தில் பார்வதி ஆற்றங்கரையில் மணிகரண் இருக்கிறது. குருத்வாராவும் கோயிலும் சேர்ந்த ஊர்; ஊற்றுநீரிலேயே குருத்வாரா அன்னதானமான லங்கருக்குச் சோறும் பருப்பும் வேகும். அது பக்தியால் வளர்ந்த ஊர், அதன் கணக்கு வேறு. சிம்லாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், சத்லஜ் கரையில் உள்ள தத்தாபானியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 800 மெகாவாட் கோல்டாம் அணையின் நீர்த்தேக்கம் ஏறி, கரையோரத்துப் பழைய ஊற்றுகள் முழுகிப்போயின. இப்போது ஆழ்துளை போட்டு வெந்நீரை மேலே கொண்டுவந்து குளிக்க விடுகிறார்கள். நாம் பொங்கல் வைக்கும் நாளில், மகர சங்கராந்திக்கு, அங்கே இன்றும் கூட்டம் வருகிறது. ஆனால் ஆறு எங்கே?

சுமாத்தாங்குக்கு அப்பால் பூகா பள்ளத்தாக்கு. அங்கே பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க ஓஎன்ஜிசி 2021இல் ஒப்பந்தம் போட்டது. முதல் கட்டம் ஒரு மெகாவாட். இதை நான் எதிர்க்கமாட்டேன். புகாரி என்கிற மண்ணெண்ணெய்க் கணப்பின் புகையை இரவெல்லாம் மூக்கில் வாங்கியவனால் எதிர்க்க முடியாது. லடாக்கில் டீசல் எவ்வளவு மிச்சமானாலும் நல்லதே. ஆனால் 2022இல் துளைபோட்ட இடத்திலிருந்து நீர் பீறிட்டு ஓடையில் கலந்தபோது, அந்த ஓடை சிந்துவில் சேருகிறது என்பது எல்லோருக்கும் திடீரென்று நினைவுக்கு வந்தது. துளைபோடும் முன்பே வந்திருக்க வேண்டிய நினைவு.

ஓய்வுபெற்ற பிறகு மனைவியைச் சுமாத்தாங்குக்கு அழைத்துப் போனேன். இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, துணி மாத்த எங்க போறது?" பாறை மறைவைக் காட்டினேன். முறைத்தாள். நியாயமான முறைப்பு. ஆண்கள் ஜட்டியோடு இறங்கிவிட்டு 'இயற்கை இயற்கை' என்று புளகாங்கிதப்படுவது சுலபம். ஆகவே ஒன்றும் கட்டக் கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். கட்டுங்கள், ஆனால் ஆற்றை விட்டு விலகி, சாலைக்கு மேற்புறம். துணி மாற்ற இரண்டு அறை. லடாக் வீடுகளில் காலங்காலமாக இருப்பதுபோல, தண்ணீரே கேட்காத, மண்ணும் சாம்பலும் போட்டு எருவாக்கும் உலர் கழிப்பறை. சோப்பும் ஷாம்பும் கீழே போகக் கூடாது என்று ஒரு பலகை, அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்க்காரர் ஒருவருக்குச் சம்பளம். டிக்கெட் போடுவதானால் அந்தச் சம்பளத்துக்குப் போடுங்கள், முதல் டிக்கெட்டை நானே வாங்குகிறேன்.