விதையைத் திருப்பிப் பார்த்தது போதும், குழியின் ஆழத்தைப் பாருங்கள்



மாரி நெருங்குகிறது. ஊரில் மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. கூடவே அந்தப் பழைய தர்க்கமும் வந்துவிட்டது: விதையின் கூர் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா? முளைக்காத பாத்தியைக் கண்டால் போதும், "தலைகீழாப் போட்டிருப்பா, அவட கைக்கு ராசியில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்புப் பிழை. ஆசிரியர்களாகிய நாங்களும் அதைச் சொன்னவர்கள்தான்.

ஒருமுறை பாடசாலைத் தோட்டத்தில் ஒரு மாணவியின் பாத்தியில் மட்டும் பயற்றை முளைக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் "நீ தலைகீழாகப் போட்டிருப்பாய்" என்றோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. பாத்தியைக் கிளறிப் பார்த்தால், விதைகள் நாலு விரல் ஆழத்தில் அழுகிக் கிடந்தன. "ஆழமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கோழி கிளறும்" என்று சொல்லிக் கொடுத்தது நாங்கள். சொன்னதை அப்படியே கேட்டவள் அவள் ஒருத்திதான்.

சந்தேகம் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு கண்ணாடிக் குவளைக்குள் ஈரத் தாளைச் சுற்றி வைத்து, நாலு பயற்றை விதைகளை நாலு விதமாகச் செருகுங்கள். சில நாட்களில் நாலின் வேரும் கீழே போகும், நாலின் தண்டும் மேலே வரும். பிறகு குவளையைச் சரித்து வையுங்கள். வேர் நுனி மறுபடி வளைந்து கீழ்நோக்கும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வேர் நுனியின் கலங்களில் உள்ள மாப்பொருள் மணிகள் பாரத்தால் கீழே படிகின்றன. எது கீழ் என்று வேர் அறிவது அப்படித்தான். புவித்திருப்பம் என்று வகுப்பில் படிப்பிப்பது இதைத்தான். 1806இல் தோமஸ் நைட் என்ற ஆங்கிலேயர் சுழலும் சக்கரத்தில் விதைகளைப் பல திசைகளில் கட்டினார். எப்படிக் கட்டினாலும் வேர்கள் வெளிப்புறமாகவும் தண்டுகள் சக்கரத்தின் நடுவை நோக்கியுமே வளர்ந்தன. இருநூறு வருடங்களுக்கு முன்பே தீர்ந்த வழக்கு இது!

"அப்படியென்றால் திசையே தேவையில்லையா?" என்று கேட்பீர்கள். சிலவற்றுக்குத் தேவை. பூசணி, புடோல், பாகல் போன்ற தட்டையான பெரிய விதைகளைப் படுக்க வைத்தால் தோல் இலகுவாகக் கழரும். மாங்கொட்டையைப் பிழையாக வைத்தால் தண்டு கோணலாக வரும். வெங்காயம், பூண்டுக்கு வேர்ப்பக்கம் கீழே இருக்க வேண்டும். முருங்கைக் கம்பையும் மரவள்ளித் தடியையும் கணு மேலே பார்க்க நட வேண்டும். ஆனால் அவை விதையல்ல, வெட்டிய தண்டு. தண்டுக்கு உள்ள சட்டத்தை வெண்டிக்கும் கொச்சிக்காய்க்கும் கீரைக்கும் போடுவதுதான் எங்கள் பிழை.

உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. விதையின் பருமனைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதைக்கு மேலே மண்ணை மெல்லத் தூவினால் சரி. அதற்கு மேல் ஆழமானால், மண்ணைத் தாண்டுமுன் விதையில் உள்ள உணவு தீர்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் அழுகும். பழைய விதையா, எறும்பு தூக்கியதா என்றும் பாருங்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கூரைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோம்.

இது சின்ன விசயமல்ல. 2022இல் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை லீவு கொடுக்கும் நிலைக்கு நாடு வந்தது. அப்போது யோகட் கோப்பையிலும் உரப்பையிலும் விதை போட்ட எத்தனை உம்மாமார், முதல் தடவை முளைக்காததும் "எனக்குக் கைராசியில்ல" என்று நிறுத்திக்கொண்டார்கள்! அவர்களை நிறுத்தியது மண்ணல்ல, எங்கள் வாய்.

ஒரு மரம் நட்டு, அதில் பறவை தின்றாலும் ஸதகா என்று பயானில் கேட்கிறோம். அந்த நன்மையை ஒருவரின் கையிலிருந்து தட்டிவிட எங்களுக்கு என்ன உரிமை?

இன்ஷா அல்லாஹ், இந்த மாரியில் முளைக்காத பாத்தியைக் கண்டால் ஆளைக் குறை சொல்லாதீர்கள். மண்ணைக் கிளறி ஆழத்தைப் பாருங்கள். அந்த மாணவியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். உங்கள் வீட்டிலும் கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கக்கூடும்.

வஸ்ஸலாம்.