அடிவயிற்று வலியும் அதைக் கேட்பவர்களும்

வர்ஜீனியா வூல்ஃப் 1926-இல் நோயுறுதல் பற்றி எழுதிய கட்டுரையில் தம் மொழியின் மீது ஒரு குறை சொல்கிறார். காதலைப் பாடவும் பெருந்துயரைப் பாடவும் ஆங்கிலத்தில் சொல் உண்டு. தலைவலிக்காரர் ஒருவர் மருத்துவரிடம் தம் வலியைச் சொல்லப்போனால் மொழி வறண்டுவிடுகிறது என்பது அவர் வாதம். வலியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏறக்குறைய ஒரு சடங்குபோல இதை எடுத்துக்காட்டுவார்கள். எலெய்ன் ஸ்கேரி 1985-இல், வலி மொழியையே அழிக்கிறது என்ற கருத்தை வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஹிலரி மாண்டெல் இதற்கு உடன்படவில்லை. 2010-இல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் 'லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் எழுதிய குறிப்புகளில், குடைவது, துளைப்பது, கிள்ளுவது, எரிவது என்று வலிக்கு ஒரு முழு அகராதியே இருக்கிறதே என்று வூல்ஃபை மறுக்கிறார். இந்த வழக்கில் நான் மாண்டெலின் பக்கம். ஏன் என்று சொல்வதற்கே இக்கட்டுரை.

மாண்டெலை நம்மில் பலர் 2009-இல் 'வுல்ஃப் ஹால்' நாவலுக்கு புக்கர் பரிசு கிடைத்தபோதுதான் அறிந்துகொண்டோம். 2003-இல் வெளியான அவருடைய தன்வரலாற்று நூல் அத்தனை பேரால் படிக்கப்படவில்லை. சட்டம் படிக்கும் மாணவியாக, இருபது வயதையொட்டி, அவர் தீராத வலியோடு மருத்துவர்களிடம் போகிறார். வலி மனத்தில் இருப்பதாக முடிவு செய்யப்படுகிறது. மனச்சோர்வுக்கான மாத்திரையில் தொடங்கி மனநோய்க்கான கடும் மருந்துகள் வரை தரப்படுகின்றன. அம்மருந்துகளின் பக்கவிளைவால் ஓரிடத்தில் உட்கார முடியாத பதைப்பு வருகிறது. அதுவும் அவருடைய மனநோயின் அறிகுறியாகவே எண்ணப்படுகிறது. பின்னர் கணவருடன் போட்ஸ்வானாவில் வாழ்ந்தபோது ஒரு மருத்துவப் பாடநூலைப் புரட்டித் தம் நோயைத் தாமே கண்டுபிடித்தார். எண்டோமெட்ரியோசிஸ். லண்டனில் அது உறுதியானபோது அவருக்கு வயது 27. கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அதன் பிறகும் நோய் திரும்பி வந்தது.

மொழியின் மீது அசாத்தியப் பிடிப்புள்ள ஒரு பெண். தம் வலியைச் சொல்லத் தெரியாதவர் என்று அவரை யாரும் குற்றம் சாட்ட முடியாது. சொன்னார், கேட்கப்படவில்லை. வூல்ஃபின் வாதம் இங்கேதான் எனக்குப் பிழையாகத் தெரிகிறது. பேசுகிறவரிடம் சொல் இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்கிறவர் தப்பித்துக்கொள்கிறார்.

தமிழை எடுத்துக்கொள்வோம். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், காந்தல், பிடிப்பு, இழுப்பு, பிசைவது, சுண்டி இழுப்பது, விண்விண்ணென்று தெறிப்பது, சுரீரென்று பாய்வது. எழுத்து வாசனை அறியாத எந்தப் பாட்டியும் இவற்றை ஒன்றோடொன்று குழப்பமாட்டார். இவை வெறும் அலங்காரமும் அல்ல. எரிச்சலும் மின்சாரம் பாய்வதுபோன்ற சுரீரும் நரம்பைச் சுட்டக்கூடும். பிசைவதும் முறுக்குவதும் குடல், கருப்பை போன்ற உள்ளீடற்ற உறுப்புகளின் வலிக்கு இயல்பு. சிறுநீர்ப்பை நிறைய நிறைய ஏறி, கழித்ததும் தணியும் வலி வேறு; உட்கார்ந்தால் கூடி, எழுந்தால் குறையும் வலி வேறு. ரொனால்ட் மெல்ஸாக் 1975-இல் நோயாளிகளின் சொற்களைத் தொகுத்து, 78 சொற்களை 20 குழுக்களாக அடுக்கி, மருத்துவர் பயன்படுத்தத்தக்க ஒரு வினாத்தாளாக்கினார். மக்கில் வினாத்தாள் என்று அதற்குப் பெயர். அவர் பணியாற்றிய மான்ட்ரியால் மக்கில் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்குவது. அகராதிக்காரனின் வேலை மருத்துவக் கருவியான அரிய தருணங்களில் அது ஒன்று.

நம்மிடம் குறைவது வலியின் தன்மையைச் சொல்லும் சொல் அன்று. இடத்தைச் சொல்லும் சொல். ஆங்கிலத்தில் பெல்விஸ் என்று ஒரே சொல்லில் சுட்டும் அந்தக் கிண்ணம் போன்ற எலும்புக்கூட்டையும், அதனுள் இருக்கும் கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல், அவற்றைத் தாங்கும் தசைத்தளம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்ல வழக்கில் நமக்கு ஒரு சொல் இல்லை. 'இடுப்பு வலி' என்றால் பிரசவ வலி, இல்லாவிட்டால் முதுகு வலி. பாடநூல்கள் 'இடுப்புக்கூடு' என்கின்றன. யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே ஒரு பெண் 'வயிற்று வலி' என்கிறாள். இரைப்பைக்கு மாத்திரை கிடைக்கிறது. 'இடுப்பு வலி' என்கிறாள். முதுகெலும்புக்குப் படம் எடுக்கிறார்கள். 'கீழே வலிக்கிறது' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், 'எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே' என்று அம்மாவே முடித்துவிடுகிறார்.

இத்தனைக்கும் நம் பக்தி இலக்கியத்தின் பெரும்புகழ் பெற்ற பதிகங்களுள் ஒன்று வயிற்று வலியில் பிறந்தது. நான்காம் திருமுறையின் முதல் பதிகம், திருவதிகையில் அப்பர் பாடியது. வெளியே தோன்றாமல் வயிற்றின் உள்ளே குடரைப் பற்றி முடக்குகிற சூலையை அவர் இறைவனிடம் முறையிடுகிறார். பெரியபுராணம் கூறும் கதையில் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுவது, மருந்தும் மந்திரமும் பலிக்காமல் சமணப் பள்ளியார் கைவிட்ட பின் அவர் இரவோடு இரவாகத் தேடிப்போனது தம் தமக்கை திலகவதியாரை என்பதுதான். கேட்க ஒருவர் இருந்தார். வெளியே தோன்றாத வலி என்பதற்காக அவர் தம்பியை ஐயுறவில்லை.

தோன்றாமை. சிக்கலின் வேர் இதுவே. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் இத்தகைய வலியோடு வரும் பெண்களுக்கு லேப்ரோஸ்கோப்பி என்னும் முறையால் உள்ளே பார்த்தால், கணிசமானவர்களிடம் கண்ணுக்குத் தெரியும் கோளாறு எதுவும் இருப்பதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிடமும் கணக்கு நேராக வராது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சினைப்பையிலும் குடல்மேலும் வயிற்று உறையிலும் வளர்ந்து அழற்சியையும் ஒட்டுகளையும் உண்டாக்குவது அந்நோய். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு, இருக்கிறது. திசு பரவலாக இருப்பவர் வலியின்றி இருக்கக்கூடும். இரண்டு புள்ளிகள் மட்டுமே உள்ளவர் படுக்கையில் சுருண்டு கிடக்கக்கூடும். உலகின் பல நாடுகளில் நோய்க்குப் பெயர் கிடைக்கவே பல ஆண்டுகள் ஆகின்றன.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. 1983-இல் கிளிஃபர்ட் வூல்ஃப் (வர்ஜீனியாவுக்கும் இவருக்கும் உறவில்லை) என்ற ஆய்வாளர், தொடர்ந்து வலிச்செய்தி வந்தால் தண்டுவட நரம்புகளே கூர்மையடைந்துவிடுகின்றன என்று காட்டினார். அதன்பின் சிறு தொடுகையும் வலியாக அறிவிக்கப்படுகிறது. அண்டை உறுப்புகளின் இயல்பான அசைவும் வலியாகிறது. காயம் ஆறிய பின்னும் காவல்காரன் கூவிக்கொண்டிருக்கிறான். இது கற்பனை வலி அன்று. நரம்பு மண்டலம் உடம்பின் பகுதிதானே? மனமும் இதில் கலந்திருக்கிறது. உறக்கமின்மையும் அச்சமும் வலியைக் கூட்டுகின்றன. ஆனால் 'மனமும்' என்பதற்கும் 'மனம்தான்' என்பதற்கும் இடையிலுள்ள ஓர் உம்மை எத்தனையோ பெண்களின் ஆண்டுகளை விழுங்கியிருக்கிறது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும் என்றும் குறிப்புச் சேர்த்தது. இதை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

கேளாமையின் மற்றொரு முகம் கத்தி. எதுவும் தென்படாவிட்டால் வலி பொய். தென்பட்டாலோ வெட்டி எடுத்துவிடு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே 2019-இல் மாநில அரசின் குழு விசாரித்தபோது, கணக்கெடுத்த 82,309 பேரில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்று கணக்கு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று போன பெண்ணிடம் புற்று வரும் என்று அச்சுறுத்தி அறுத்த கதைகள் செய்தித்தாள்களில் வந்தன. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் செயல்படுத்துமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. கருப்பை அகற்றம் தேவைப்படும் நோயாளிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் எண்டோமெட்ரியோசிஸ் கருப்பைக்கு வெளியே இருக்கும் நோய். சிறுநீர்ப்பை வலியும் தசை வலியும் கருப்பையோடு போய்விடுவதில்லை. சினைப்பைகளையும் இளவயதில் எடுத்தால் எலும்புத் தேய்வும் இதயநோய் அபாயமும் முன்கூட்டியே வருகின்றன.

அப்படியானால் என்னதான் செய்வது? முற்றாக நீக்கும் ஒற்றை மருந்து இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தொற்று, குறிப்பாக நம் நாட்டில் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய், உண்டா என்று பார்க்க வேண்டும். மாதவிடாயை ஒட்டி ஏறும் வலிக்கு ஹார்மோன் மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. ஐரோப்பிய மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி, அறுத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில்லை என்கிறது. பல ஆண்டு வலியில் இடுப்புத்தளத் தசைகள் தற்காப்பாக இறுகிப்போயிருக்கும். அவற்றைத் தளர்த்தக் கற்றுத்தரும் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் சொல்லித்தரப்படும், தசையைச் சுருக்கும் பயிற்சியை இங்கே செய்தால் வலி கூடவும் கூடும். மூச்சுப் பயிற்சி, நடை, உறக்கம், மனநல ஆலோசனை எல்லாம் சேர்ந்துதான் பலன் தரும். மாறாக, நன்கு பயன்படும் என்று நம்பி எழுதப்பட்டுவந்த கபாபென்டின் மருந்தை, காரணம் தென்படாத வலியுள்ள 306 பெண்களிடம் பிரிட்டனில் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அது வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததல்ல என்றும் பக்கவிளைவுகளே அதிகம் என்றும் கண்டது. இன்றும் அம்மருந்துச் சீட்டு வைத்திருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம்.

ஆண்களையும் இவ்வலி விடுவதில்லை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே மாதக்கணக்கில் நீடிக்கும் வலியைப் பிராஸ்டேட் அழற்சி என்று சொல்லி நுண்ணுயிர்க்கொல்லி மேல் நுண்ணுயிர்க்கொல்லியாகக் கொடுப்பார்கள். பெரும்பாலோரிடம் கிருமியே இருப்பதில்லை. அவர்கள் 'கீழே' என்றுகூடச் சொல்வதில்லை. மூலம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நம் மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்நிமிடங்களுக்குள் 'வயிற்று வலி' என்ற ஒற்றைச் சொல்லோடு போவதைவிட, இரண்டு மாதம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போவது மேல். எந்தத் தேதி, மாதவிடாயின் எத்தனையாவது நாள், குத்தலா காந்தலா பிசைவா, எங்கே தொடங்கி எங்கே ஓடுகிறது, சிறுநீர் கழிக்கும்போதா மலம் கழிக்கும்போதா உறவின்போதா, உட்கார்ந்தால் கூடுகிறதா, அன்று என்ன வேலை செய்ய முடியாமல் போயிற்று. பாட்டி சொல்லும் சொல்லிலேயே எழுதலாம். மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, காரணமின்றி எடைக்குறைவு, மலத்தில் இரத்தம் என்றால் நோட்டு நிறையக் காத்திருக்க வேண்டாம். உடனே போக வேண்டும். நோட்டைத் திறந்து பார்க்காமலேயே சீட்டு எழுதும் மருத்துவர் வாய்த்தால், அடுத்தவரிடம் போகும்போதும் அதே நோட்டை எடுத்துச் செல்லுங்கள்.